துருவின் அடியில் தூய எஃகு

தோட்டப்புற லயங்களில் மக்கள் நிறைந்து வாழ்ந்த காலத்தில் கோடரி இல்லாத வீடு அரிது. எரிவாயு அடுப்பு வருவதற்கு முன் நம் வீடுகளில் சோறு வெந்தது பால்மர விறகில்தான். பாலை உறைய வைத்துத் தகடாக்கிப் புகைவீட்டில் உலர்த்தியதும் அதே விறகின் புகையில்தான். வயது முதிர்ந்த மரங்களை வீழ்த்தி மறுநடவு செய்த நாளிலும் முன்னின்றது கோடரியே. இன்று நெகிரி செம்பிலானில் பால்மரங்கள் நின்ற நிலங்களில் பெருமளவில் செம்பனை நிற்கிறது. மரம் வீழ்த்த இயந்திர வாள் வந்துவிட்டது. சமையலறையில் எரிவாயுக் கலன் இருக்கிறது. வேலை இழந்த கோடரியோ வீட்டின் பின்புறத்திலும் கோழிக்கூண்டின் அடியிலும் துருவேறிக் கிடக்கிறது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் விடப்பட்டும் வருவதால், லயத்தை விட்டுப் பட்டணத்துத் தாமான்களுக்குக் குடிபெயரும் குடும்பங்கள் பல. சாமான் கட்டும் நாளில் முதலில் கழிக்கப்படுவது இத்தகைய பழைய கருவிதான். "இனி இது எதற்கு ஆகும்?" என்று கூறிப் பழைய இரும்பு வாங்குபவரிடம் சில வெள்ளிக்கு எடை போட்டுவிடுகிறோம். அம்முடிவு சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். துரு மேலே படிந்த நோய். எஃகு உள்ளே இருக்கும் உயிர். நோய் எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்று பாராமலே உயிர் போயிற்று என்று தீர்ப்புக் கூறுதல் தகாது. அதே வேளையில், அவசரப்பட்டுத் தவறான முறையில் மருத்துவம் செய்தால், துரு செய்யாத கேட்டை நாமே செய்தவர் ஆவோம். ஆகவே முதலில் அறிவோம். பிறகு கை வைப்போம்.

துரு என்பது யாது?

இரும்பு காற்றிலுள்ள உயிர்வளியோடும் நீரோடும் சேர்ந்து மாறும் பொருளே துரு. இவ்விரண்டும் கூடியிருக்க வேண்டும். ஒன்று இல்லையேல் துரு பிடிக்காது. இதனை மாணவர்கள் வகுப்பிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூன்று கண்ணாடிப் போத்தல்களையும் புதிய ஆணிகள் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதற் போத்தலில் பாதி நீரூற்றி ஆணியை இட்டுத் திறந்து வையுங்கள். இரண்டாவதில், ஆசிரியரோ பெற்றோரோ நன்கு கொதிக்க வைத்த நீரை விளிம்புவரை நிரப்பி, ஆணியை இட்டு, நீரின்மேல் சிறிது எண்ணெய் விட்டு மூடிவிடுங்கள். கொதிக்கும்போது நீரில் கரைந்துள்ள காற்று வெளியேறிவிடும். எண்ணெய் புதுக் காற்றைத் தடுக்கும். மூன்றாவது போத்தலை ஈரமின்றி உலர்த்தி, ஆணியை இட்டு இறுக மூடுங்கள். ஒரு வாரம் சென்று பாருங்கள். முதற் போத்தலின் ஆணியே சிவந்திருக்கும். காற்றும் நீரும் கைகோத்த இடம் அதுதான்.

வேறு சில உலோகங்களின் மேல் படியும் படலம் அவற்றுக்குப் போர்வையாகிக் காக்கும். அலுமினியப் பாத்திரம் அதற்குச் சான்று. இரும்பின் துருவோ அவ்வாறன்று. அது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு பொருமும், செதிலாக உரியும், உரிந்த இடத்தில் புதிய இரும்பைக் காற்றுக்குக் காட்டும். பஞ்சுபோல் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆதலால்தான் துரு துருவை வளர்க்கிறது.

காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60 என்னும் அளவைக் கடக்கும்போது துருப்பிடித்தல் விரைவு பெறும் என்பர். நம் நாட்டிலோ அது பெரும்பாலும் 80 அளவில் நிற்கிறது. போர்ட்டிக்சன் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். உழைப்பவர் கையின் வியர்வையிலும் உப்பு உண்டு. வேலை முடிந்ததும் துடைக்காமல் வைத்த கருவி, மறுநாள் காலையிலேயே செம்மை பூத்திருப்பதன் காரணம் இதுதான்.

டில்லியில் உள்ள இரும்புத் தூண் ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது, பெரிதும் துருவேறவில்லை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் அதனை ஆராய்ந்து, அவ்விரும்பில் மிகுந்துள்ள பாஸ்பரஸ் அதன் மேல் ஒரு காப்புப் படலம் உண்டாகத் துணைசெய்தது என விளக்கினார். நம் கோடரிக்கு அத்தகைய படலம் இல்லை. நாம் பூசும் எண்ணெயே அதன் போர்வை.

எஃகும் அதன் பதமும்

இரும்பைப் பண்படுத்தும் கலை நம் முன்னோர்க்குப் புதிதன்று. பொருநை ஆற்றங்கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை நடத்திய அகழாய்வுகளில் இரும்புக் கருவிகள் பல கிடைத்தன. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் இரும்பும் எஃகும் உருக்கியதற்கான தடயங்கள் வெளிப்பட்டுள்ளன. சிவகளையில் கிடைத்த மாதிரிகளின் அடிப்படையில், தமிழகத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. 3345 வரை செல்கிறது எனத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கை கூறுகிறது. ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றழைத்த புகழ்பெற்ற இந்திய எஃகின் பெயர், தென்னாட்டு மொழிகளின் 'உக்கு', 'உருக்கு' என்னும் சொற்களின் திரிபு என்பது அறிஞர் பலரின் கருத்து. மின்னியலில் புகழ்பெற்ற மைக்கேல் பாரடே, 1819-ஆம் ஆண்டில் அவ்வெஃகினை ஆராய்ந்து எழுதியுள்ளார். அவர் ஒரு கொல்லரின் மகன் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

எஃகு என்பது இரும்போடு சிறிதளவு கரி சேர்ந்த கலவை. கோடரியின் எஃகில் கரியின் அளவு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. அவ்வளவு சிறிய பங்குதான் மெல்லிய இரும்பை வெட்டும் எஃகாக்குகிறது. ஆயினும் கரி மட்டும் போதாது. கொல்லர் வாய்ப்பகுதியைச் செந்தழல் நிறம் வரும்வரை, ஏறத்தாழ 800 பாகை வெப்பத்துக்குக் காய்ச்சிச் சட்டென நீரிலோ எண்ணெயிலோ தோய்க்கிறார். இப்போது அது மிகக் கடினமாகிறது. ஆனால் கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மையும் வந்துவிடுகிறது. ஆகவே மீண்டும் மெல்லச் சூடாக்கி அக்கடுமையைச் சற்றே தணிக்கிறார். அப்போது துலக்கிய எஃகின்மேல் நிறங்கள் தோன்றும். ஏறத்தாழ 220 பாகையில் வைக்கோல் நிறம், 250 அளவில் பழுப்பு, 280 அளவில் ஊதா, 300 அளவில் நீலம். தமக்கு வேண்டிய நிறத்தில் அவர் நிறுத்துகிறார். இதைத்தான் பதம் வைத்தல் என்கிறோம். வெப்பமானி இல்லாத காலத்துக் கொல்லருக்கு இந்நிறங்களே வெப்பமானி.

கோடரி முழுவதும் இவ்வாறு கடினமாக்கப்படுவதில்லை. வாயை ஒட்டிய சிறு பகுதிக்கு மட்டுமே பதம் உண்டு. காம்பு நுழையும் கண்ணும் பின்புறமும் மென்மையாகவே விடப்படும். அடியின் அதிர்ச்சியைத் தாங்க அதுவே ஏற்றது. பழங்காலத்துக் கோடரிகள் பலவற்றில், மெல்லிரும்பாலான உடலில் எஃகுத் துண்டொன்றை வாயாக வைத்து உலையில் பற்றவைத்திருப்பர்.

இங்கு ஒன்றை உறுதியாக மனத்தில் கொள்ள வேண்டும். துரு எஃகின் மேற்பரப்பைத் தின்னும். அதன் பதத்தைத் தொடாது. அளவுக்கு மீறிய வெப்பமே பதத்தைக் கெடுக்கும். ஐம்பது ஆண்டுகள் மண்ணில் கிடந்த கோடரியிலும் பதம் இருக்கக்கூடும். ஐந்து நிமிடம் நெருப்பில் கிடந்த கோடரியில் அது இராது. இவ்வொரு செய்தியைப் புரிந்துகொண்டால் பின்வரும் முறைகள் யாவும் தாமே விளங்கும்.

பழைய காம்பைக் கழற்றுதல்

கெட்டுப்போன காம்பை எடுக்க எளிய வழியென்று கோடரியை அடுப்பில் போட்டு எரிப்பவர் உண்டு. மரம் எரிந்து தலை கழன்றுவிடும் என்பது உண்மையே. ஆனால் விறகு நெருப்பின் வெப்பம் 600 பாகைக்கும் மேற்செல்லும். கொல்லர் 200, 300 பாகையில் அளந்து அளந்து வைத்த பதம் அந்நெருப்பில் அழிந்துவிடும். பிறகு எத்தனை முறை தீட்டினாலும் வாய் மடங்கும்.

ஆகவே, தலைக்குச் சற்றுக் கீழே காம்பை ரம்பத்தால் அறுத்துவிடுக. கண்ணுக்குள் எஞ்சிய மரத்தில் துளையிட்டுத் தளர்த்தி, கட்டையும் சுத்தியலும் கொண்டு தட்டி வெளியேற்றுக. காலம் சற்று அதிகமாகும், கோடரி பிழைக்கும்.

துருவை நீக்குதல்

முதலில் கம்பித் தூரிகையால் உதிரும் துருவைத் தேய்த்து அகற்றுக. துருத்தூள் கண்ணிலும் மூச்சிலும் செல்லாதிருக்கக் கண்காப்புக் கண்ணாடியும் முகமூடியும் அணிதல் வேண்டும். பிறகு, தலையை ஒரு பிளாஸ்டிக் வாளியில் இட்டு அது முழுகும் அளவு காடி எனப்படும் வினிகரை ஊற்றுக. கடைகளில் விற்கும் சாதாரணக் காடியே போதும். அதிலுள்ள மென்மையான அமிலம் துருவைக் கரைத்து இளக்கும். மாலையில் இட்டு மறுநாள் காலையில் எடுக்கலாம். நீண்ட நாள் ஊறவிடுதல் கூடாது. துரு தீர்ந்தபின் அமிலம் எஃகையே அரிக்கத் தொடங்கும்.

"பாலை உறைய வைக்கும் அமிலம் இருக்கிறதே, அதைப் பயன்படுத்தலாமே" என்று தோட்டத் தொழிலாளர் சிலர் கேட்கலாம். பார்மிக் அமிலம் காடியைவிடப் பன்மடங்கு கடுமையானது. தோலைப் புண்ணாக்கும், அதன் ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் தீங்கானது. வீட்டில் குழந்தைகள் நடமாடும் இடத்துக்கு அது வரவே கூடாது. பொறுமை உள்ளவர்க்குக் காடியே போதும்.

எடுத்த தலையை இரும்பு நாரால் தேய்த்தால் கரிய கசடு நீங்கும். பிறகு சமையல் சோடா கரைத்த நீரில் கழுவுக. எஞ்சிய அமிலத்தின் வேகத்தைச் சோடா அடக்கிவிடும். நல்ல நீரில் அலசி, உடனே துணியால் துடைத்து வெயிலில் உலர்த்துக. தூய்மையான எஃகு நம் நாட்டுக் காற்றில் விரைவில் மீண்டும் செம்மை பூக்கும். ஆதலால் உலர்ந்த கையோடு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இடுதல் நன்று.

கருமையான நிறம் எஞ்சியிருந்தால் அதனை வெள்ளிபோல் மெருகேற்ற வேண்டியதில்லை. ஆழமற்ற சிறு குழிகள் இருப்பினும் கேடில்லை. துரு விலகும்போது செய்தவரின் முத்திரையோ எடையைக் குறிக்கும் எண்ணோ தெளிவதுண்டு. அவற்றை அரத்தால் தேய்த்து அழித்துவிடாதீர்கள். அது கருவியின் பிறப்புச் சான்றிதழ்.

நோய் பார்த்தல்

துரு நீங்கியபின் தலையை நன்கு ஆராய வேண்டும். எல்லாக் கோடரியும் பிழைப்பதில்லை. கண்ணைச் சுற்றியோ வாயிலோ வெடிப்பு இருப்பின் அதனை வேலைக்குப் பயன்படுத்தவே கூடாது. வெடித்த தலை வீச்சின் நடுவே பிளந்து பறக்கக்கூடும்.

கண்ணுக்குத் தெரியாத வெடிப்பை எவ்வாறு அறிவது? பள்ளியிலுள்ள சுண்ணக்கட்டி இதற்கு உதவும். பூசிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, தலைமீது மண்ணெண்ணெயைத் தடவிச் சிறிது நேரம் விடுக. பிறகு முற்றும் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டித் தூளைப் பூசுக. வெடிப்பு இருந்தால் அதனுள் புகுந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து வெண்தூளின்மேல் கோடாகத் தெரியும். முற்காலத்து இரயில்வேப் பட்டறைகளில் அச்சுகளின் வெடிப்பைக் கண்டறிய எண்ணெயும் சுண்ணத் தூளும் இவ்வாறே பயன்பட்டன.

வாயின் நிறத்தையும் பார்க்க. நீலம் படிந்திருந்தால் யாரோ மின் சாணையில் சூடேற்றியிருக்கிறார் என்று பொருள். அரத்தை வாயில் மெல்ல உரசிப் பார்த்தும் அறியலாம். அரம் சற்றுப் பிடித்துச் சிறிதே அராவினால் பதம் நன்று. வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் எளிதில் அராவினால் பதம் போய்விட்டது. அத்தகைய கோடரியைக் கொல்லரிடம் கொடுத்து மறுபதம் வைக்கச் செய்தல் வேண்டும். கோடரியின் பின்புறம் சுத்தியல்போல் அடிபட்டு விளிம்பு விரிந்திருந்தால், அவ்விளிம்பை அரத்தால் அராவி நீக்குக. இல்லையேல் அடுத்த அடியில் இரும்புச் சில்லு தெறித்துக் கண்ணைப் பறிக்கலாம்.

வாயைத் தீட்டுதல்

கோடரித் தலையைப் பற்றிடுக்கியில் இறுகப் பொருத்துக. பற்றிடுக்கி இல்லாத வீட்டில், கனமான பலகையில் ஆணியறைந்த கட்டைகளுக்கிடையே ஆப்பிறுக்கி நிறுத்தலாம். கைக்குத் தடித்த கையுறை அணிக. பிடியில்லாத அரத்தைப் பயன்படுத்தாதீர்கள். அதன் வால் உள்ளங்கையில் பாய்ந்துவிடும்.

அரம் முன்னோக்கித் தள்ளும்போதுதான் வெட்டும். பின்னிழுக்கும்போது தூக்கிவிட வேண்டும்; முன்னும் பின்னும் தேய்ப்பது அரத்தின் பற்களைக் கெடுக்கும். இருபுறமும் எண்ணிக்கை மாறாமல் அராவினால் வாய் நடுவில் அமையும். பழைய வாயின் பிறைபோன்ற வளைவைக் காக்க வேண்டும், நேர்க்கோடாக்கிவிடக் கூடாது.

கோணம் எவ்வளவு? வாயின் இருபக்கமும் சேர்ந்து 25 முதல் 30 பாகை வரை இருக்கலாம். மாணவர்கள் இதற்கு அளவுகோல் செய்யலாம். தாளின் நேர்மூலை 90 பாகை. அதனை மூன்று சமபங்காக மடித்தால் ஒரு பங்கு 30 பாகை. அந்த மடிப்பைத் தடித்த அட்டையில் வரைந்து வெட்டி எடுத்தால், அந்த வெட்டில் கோடரி வாயை வைத்து ஒப்பிடலாம். கணிதப் பாடம் தேர்வுத்தாளுக்கு மட்டும் உரியதன்று என்பதை அட்டைத்துண்டு ஒன்று காட்டிவிடும். மிக மெல்லிய வாய் கடினமான கணுவில் சில்லுடையும். மிகத் தடித்த வாய் மரத்தில் இறங்காமல் துள்ளும். துள்ளும் கோடரி காலைத் தேடும்.

இந்நாளில் மின் சாணை பல வீடுகளில் உண்டு. விரைவில் முடிக்கலாம் என்று கோடரியை அதில் அழுத்துபவர், பொறி பறப்பதைக் கண்டு மகிழ்கிறார். மெல்லிய விளிம்பு ஒரு நொடியில் நீலமாகிவிடுவதை அவர் காண்பதில்லை. சாணையைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமெனில், தொட்டு எடுத்து, உடனுக்குடன் நீரில் நனைத்து, விரல் தாங்கும் சூட்டைக் கடவாமல் செய்க. செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளுக்கும் உளிக்கும் பாராங்கத்திக்கும் இவ்விதியே பொருந்தும். நாள்தோறும் அவற்றைத் தீட்டும் தொழிலாளர்கள் இதனைக் கருத்தில் கொண்டால் கருவி நெடுநாள் உழைக்கும். கையும் குறைவாக நோகும்.

அரம் விட்ட கீறல்களைத் தீட்டுக்கல்லால் போக்குக. நீரோ எண்ணெயோ விட்டுச் சிறு வட்டங்களாகத் தேய்த்தால் போதும். விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கூர்மையான வாய் ஒளியைத் திருப்பாது. வெண்கோடு எங்கு மின்னுகிறதோ அங்கே மழுக்கம் எஞ்சியுள்ளது. விரலால் தடவிப் பார்க்க வேண்டா.

காம்பு பொருத்துதல்

"கோடாலிக் காம்பு குலத்துக்கு ஈனம்" என்பது நம் பழமொழி. மரத்தை வெட்டும் கோடரிக்கு மரமே துணைபோவதைக் குறித்து அவ்வாறு கூறினர். பழமொழி காம்பைப் பழித்தாலும், தொழிலில் காம்பே உயிர்காப்பு. தலை எத்துணைச் சிறந்ததாயினும் காம்பு தளர்ந்தால் அக்கோடரி பகை.

எந்த மரம் ஏற்றது? அமெரிக்கர் ஹிக்கரி மரத்தையும், தமிழகத்து உழவர் கருவேலத்தையும் கருவிக் காம்புக்குப் பயன்படுத்துவர். நம் வீட்டுப் புறங்களில் வளரும் கொய்யாவின் கட்டையும் உறுதியும் வளைவும் உடையது. பால்மரக்கட்டை எளிதில் கிடைப்பினும், பூச்சியும் பூஞ்சையும் அதனை விரைவில் பற்றும் என்பதை விறகு அடுக்கியவர் அறிவர். ஆகவே அது காம்புக்கு உகந்ததன்று. எம்மரமாயினும் அதன் நார் காம்பின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும். நார் குறுக்கே சாய்ந்து சென்றால் அவ்விடத்தில் முறியும். கணுவும் கூடாது.

பச்சை மரத்தில் காம்பு செய்யக் கூடாது. மரம் உலரும்போது நீளவாட்டில் ஏறக்குறையச் சுருங்குவதில்லை, குறுக்குவாட்டில் சுருங்கும். இன்று இறுக்கமாக நுழைந்த பச்சைக் காம்பு, சில வாரங்களில் மெலிந்து தலையைக் கழற்றிவிடும். நிழலில் பல மாதங்கள் உலர்த்திய கட்டையே வேண்டும்.

காம்பின் நுனியைக் கண்ணின் அளவுக்குச் செதுக்கி, அதன் நடுவே ஆப்புக்காக ஒரு பிளவு அறுக்க வேண்டும். நுழைப்பதற்கு ஓர் அழகிய முறை உண்டு. தலையைக் காம்பின் நுனியில் மாட்டி, தலை கீழே தொங்கும்படி காம்பைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு, காம்பின் மேல்முனையைக் கொட்டாப்புளியால் தட்டுக. காம்பு கீழே இறங்கும். கனத்த தலையோ இருந்த இடத்தில் இருக்கவே விரும்பும். ஆகவே தட்டுந்தோறும் தலை காம்பில் மேலேறும். ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்க முயலும் என்னும் நியூட்டனின் முதல் விதி நம் கையில் வேலை செய்வதை இங்கே காணலாம்.

தலை நன்கு ஏறியபின், உலர்ந்த வன்மரத்தால் செய்த ஆப்பைப் பிளவில் அறைந்து இறுக்குக. ஆப்பு காம்பை விரித்துக் கண்ணின் சுவரோடு நெருக்கும். தளர்ந்த கோடரியை நீரில் ஊறவைத்து இறுக்குவது பழைய வழக்கம். அது ஒருநாள் உதவி. ஊறிய மரம் இரும்புக்குள் நசுங்கும். உலர்ந்தபின் முன்னிலும் தளரும்.

காம்புக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஈரம் ஏறாது. ஆனால் அவ்வெண்ணெயில் நனைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடக் கூடாது. அது உலரும்போது தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையது. துணியை வெளியே விரித்து உலர்த்தியோ, நீரில் நனைத்தோ அகற்றுக.

காக்கும் முறை

சீரான கோடரியை வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் பூசி, வாய்க்குத் தோலாலோ பழைய ரப்பர்க் குழாயாலோ உறையிட்டு, ஈரத்தரையில் படாமல் உயரத்தில் வைக்க வேண்டும். சிறுவர் கைக்கு எட்டலாகாது. ஒவ்வொரு முறையும் வீசுவதற்குமுன் தலையை அசைத்துப் பார்க்க வேண்டும். மாணவர்களே, இக்கட்டுரையைப் படித்தவுடன் கோடரியைத் தேடி ஓடாதீர்கள். ஆணிச் சோதனையும் அட்டைக் கோணமும் உங்களுக்கு உரியவை. அரமும் கோடரியும் பெற்றோர் கையில் இருக்க, அருகில் நின்று கற்பதே உங்கள் கடமை.

ஏன் இம்முயற்சி?

புதிய கோடரி கடையில் கிடைக்கும்போது பழையதற்கு இத்தனை உழைப்பு ஏன் என்ற வினா எழலாம். நம் பள்ளிப் பெற்றோர் ஒருவர் அண்மையில் லயத்து வீட்டைக் காலி செய்தபோது, தம் பாட்டனார் பயன்படுத்திய கோடரித் தலையை எடைக்குப் போட வைத்திருந்தார். அவருடைய மகன் அதனைக் கேட்டு வாங்கி நம்மிடம் கொண்டுவந்தான். மேற்கூறிய முறைப்படி ஆசிரியர்களும் அத்தந்தையுமாக அதனைச் சீர்செய்தோம். துரு நீங்கியபோது, வாயின் ஒரு முனை மற்றதைவிடத் தேய்ந்திருப்பது தெரிந்தது. அதைக் கண்ட அத்தந்தை, தம் பாட்டனார் இடக்கையர் என்றும், ஒரே பக்கமாகச் சாய்ந்து விறகு பிளப்பார் என்றும் கூறினார். அப்பையனும் இடக்கையன். தன் கொள்ளுப்பாட்டனாரின் நிழற்படம் ஒன்றுகூட வீட்டில் இல்லாத அவன், அவ்வெஃகின் தேய்மானத்தில் அவரைக் கண்டான்.

காடழித்துத் தோட்டம் கண்ட மக்களின் வாழ்க்கை வரலாற்று நூல்களில் சில வரிகளே பெற்றுள்ளது. பெரும்பாலோர் கையெழுத்தை விட்டுச் செல்லவில்லை. கைத்தேய்மானத்தை விட்டுச் சென்றுள்ளனர். அது கோடரியின் வாயிலும், மரம் சீவும் கத்தியின் பிடியிலும், மண்வெட்டியின் விளிம்பிலும் உள்ளது. எடைக்குப் போட்டால் அது மற்ற இரும்போடு உருகிப்போகும். திரும்பப் பெற இயலாது.

ஆகவே பெற்றோர்களிடமும் தொழிலாளத் தோழர்களிடமும் ஒரு வேண்டுகோள். பழைய கருவியை விற்குமுன் ஒரு மாலை நேரத்தை அதற்குக் கொடுங்கள். வெடிப்பு இல்லையெனில் சீராக்கிப் பயன்படுத்துங்கள். வெடிப்பு இருந்தாலும் துருவை நீக்கி எண்ணெய் பூசி வையுங்கள். வேலைக்கு ஆகாதது நினைவுக்கு ஆகும். யார் பயன்படுத்தியது, எந்தத் தோட்டத்தில், எந்த ஆண்டுகளில் என்பதை ஒரு தாளில் பிள்ளைகளைக் கொண்டு எழுதி அதனோடு கட்டி வையுங்கள். வீட்டில் இடமில்லையெனில் பள்ளிக்குக் கொடுங்கள். பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரியின் அடித்தட்டை அதற்கென ஒதுக்கியுள்ளோம். இப்போது அங்கே ஒரு கோடரி இருக்கிறது.